பதிமூன்று ஊதுகருவிகளுக்கு நடுவில் நான்கு பேர்: யெல்லோஜாக்கெட்ஸின் 'ஜாக்கெட்ஸ் எக்ஸ்எல்', ஒரு நிகழ்வு ஆய்வு

நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குழு புதிய ஆல்பம் போட்டால், அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க உட்காருவோம். பழைய ஆட்களில் பாதிப் பேர் போயிருப்பார்கள். ஒலிப்பதிவு மெருகேறியிருக்கும், சரக்கு குறைந்திருக்கும். அதிலும், பெரும்பாலும் பழைய மெட்டுகளையே ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்தோடு திரும்ப வாசித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், ஓய்வு பெறுவதற்கு முன் எடுக்கும் குரூப் போட்டோ என்று ஒதுக்கிவிடுவோம்.

அமெரிக்க ஜாஸ் குழுவான யெல்லோஜாக்கெட்ஸ் 2020 நவம்பரில் வெளியிட்ட 'ஜாக்கெட்ஸ் எக்ஸ்எல்' வெளிப்பார்வைக்கு அந்த ரகம்தான். ஜெர்மனியில் கொலோன் நகரத்து வானொலியின் டபிள்யூடிஆர் பிக் பேண்டோடு (ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழு) சேர்ந்து செய்த, முழுக்க வாத்திய இசையான ஆல்பம். அதிலுள்ள மெட்டுகளில் பெரும்பாலானவை 1981-க்கும் 2016-க்கும் இடையில் இதே குழு பதிவு செய்தவை. நானும் முதலில் குரூப் போட்டோ என்றுதான் நினைத்தேன். இரண்டு மூன்று முறை ஹெட்போனில் கேட்ட பிறகு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. வாசிக்கிற ஆளும் மாறி, கருவியும் மாறி, நாலு பேர் கூட்டம் பதினேழு பேர் கூட்டமாகவும் ஆகிவிட்ட பின், 'அதே மெட்டு' என்று எதைச் சொல்கிறோம்? இந்தக் குழுவின் கதைக்கே அதுதான் கேள்வி என்று தோன்றியது.

ஆட்கள் வந்த கதை

1977-இல் ராபன் ஃபோர்டு என்ற கிட்டார் கலைஞர் தன் தனி ஆல்பத்துக்காக மூன்று பேரைச் சேர்த்தார்: கீபோர்டில் ரஸல் ஃபெரான்டி, பேஸ் கிட்டாரில் ஜிம்மி ஹாஸ்லிப், ட்ரம்ஸில் ரிக்கி லாசன். பின்னணிக்கு வந்த மூவரும் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு தனிக் குழுவானார்கள். 1981-இல் டாமி லிபூமாவின் தயாரிப்பில் வார்னர் நிறுவனத்துக்காக முதல் ஆல்பம் வந்தது. அதில் ஃபோர்டின் கிட்டார்தான் பல இடங்களில் முன்னால் நிற்கும்.

அப்புறம் நாற்காலிகள் மாறத் தொடங்கின. ஃபோர்டு விலகினார், மார்க் ரூஸோவின் ஆல்டோ சாக்ஸஃபோன் வந்தது. கிட்டார் குழு சாக்ஸஃபோன் குழுவானது இப்படித்தான். லாசன் மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' உலகச் சுற்றுக்குப் போக, 1987-இல் வில்லியம் கென்னடி ட்ரம்ஸுக்கு உட்கார்ந்தார். 1990-இல் ரூஸோவின் இடத்துக்கு பாப் மின்ட்ஸர். கென்னடி இடையில் பத்து வருடத்துக்கு மேல் விலகியிருந்து 2010-இல் திரும்பினார். அந்த இடைவெளியில் பெரும்பகுதி மார்கஸ் பெய்லர் வாசித்தார். ஹாஸ்லிப் 2012-இல் போனதும் ஃபீலிக்ஸ் பஸ்டோரியஸ் வந்தார். மின்ட்ஸர் இளம் வயதில், புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸின் குழுவில் வாசித்தவர். முப்பது வருடம் கழித்து ஜாக்கோவின் மகன் அவர் பக்கத்தில் பேஸோடு நின்றார். 2015-இலிருந்து அந்த இடத்தில் ஆஸ்திரேலியரான டேன் ஆல்டர்சன்.

ஆக, முதல் ஆல்பத்தில் வாசித்தவர்களில் 'ஜாக்கெட்ஸ் எக்ஸ்எல்'லில் மிச்சம் ஒரே ஒருவர், ஃபெரான்டி. இரண்டு கிராமி விருதுகள் எண்பதுகளிலேயே வந்துவிட்டன. ஒன்று 'ஷேட்ஸ்' ஆல்பத்தின் 'அண்ட் யூ நோ தட்' என்ற தடத்துக்கு, இன்னொன்று 'பாலிடிக்ஸ்' ஆல்பத்துக்கு.

இவ்வளவு மாற்றத்தில் வேறு எந்த ஜாஸ்-ராக் குழுவும் கலைந்திருக்கும். வெதர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸும் ட்ரம்ஸும் எத்தனையோ முறை மாறியும் ஓடிய குழு அது. ஜோ ஸவினுல், வேய்ன் ஷார்ட்டர் இருவரும் பிரிந்த 1986-இல் கதை முடிந்தது. ஏனென்றால் அந்த இருவரும்தான் அந்தக் குழு. யெல்லோஜாக்கெட்ஸில் அப்படி 'இவர்தான் குழு' என்று யாரையும் காட்ட முடியாது. ஃபெரான்டியைக் காட்டலாம் என்பீர்கள். ஆனால் அவர் தனித்து மின்னும் வாசிப்பாளரைவிட எழுதுகிறவர். மின்ட்ஸரும் எழுதுகிறவர். குழுவுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒன்றிரண்டு மெட்டு கொண்டுவருவது வழக்கமாகவே இருந்திருக்கிறது. எழுதி வைத்த மெட்டு, எழுதியவர் எழுந்து போன பிறகும் குழுவிலேயே தங்கிவிடும். இந்தக் குழு நீடித்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். 'ஜாக்கெட்ஸ் எக்ஸ்எல்' அதற்கு நல்ல சோதனைக்களம்.

கொலோன் ஏன்

நேரடிக் காரணம் மின்ட்ஸர். 2016-இல் அவர் டபிள்யூடிஆர் பிக் பேண்டின் தலைமை நடத்துநரானார். அதற்கு முன்பே எண்பதுகளிலிருந்து தனக்கென ஒரு பிக் பேண்டு வைத்திருந்தார். பழைய பிக் பேண்டுத் தலைவர் கவுன்ட் பேஸிக்குக் காணிக்கையாகச் செய்த ஆல்பத்துக்கு கிராமியும் வாங்கினார். ஒரு கையில் நால்வர் குழு, மறு கையில் பெருங்குழு என்று இரட்டை வாழ்க்கை நடத்தியவர் ஒருநாள் இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைத்தார், அவ்வளவுதான்.

இதன் பின்னால் பணக் கணக்கும் உண்டு. பிக் பேண்டு என்பது வழக்கமாக ஐந்து சாக்ஸஃபோன், நாலு ட்ரம்பெட், நாலு ட்ரோம்போன், கூடவே தாளப் பகுதி (பியானோ, பேஸ், ட்ரம்ஸ் போன்றவை). இத்தனை பேருக்குச் சம்பளம், பயணம், தங்குமிடம் கொடுத்து ஒத்திகை பார்ப்பது அமெரிக்கச் சந்தையில் பல காலமாகவே முடியாத காரியம். கவுன்ட் பேஸியே 1950-இல் தன் பெரிய குழுவைக் கலைத்துவிட்டுச் சின்னக் குழுவாகச் சுருங்க வேண்டிவந்தது. இன்னொரு பிக் பேண்டுத் தலைவரான டியூக் எலிங்டன் தன் மெட்டுகளுக்கு வந்த உரிமைத் தொகையைப் போட்டுத்தான் குழுவை நடத்தினார். ஜெர்மனியில் கதையே வேறு. அங்கே பொது ஒலிபரப்புக்காக ஒவ்வொரு வீடும் மாதாமாதம் கட்டணம் கட்டுகிறது. 2020-இல் அது 17.50 யூரோ. அந்தப் பணத்தில் வானொலி நிலையங்கள் தங்களுக்கென்று மாதச் சம்பளக் கலைஞர்களை வைத்திருக்கின்றன. கொலோனில் 1957-இல் குழுத் தலைவர் குர்ட் எடல்ஹாகன் வந்ததிலிருந்தே இந்த மரபு உண்டு. நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிற, நாள்தோறும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் ஊதிப் பழகிய கலைஞர்கள் கிடைப்பது அதனால்தான். அமெரிக்கக் குழுவின் ஆல்பத்துக்குள் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் வானொலிக் கட்டணமும் கேட்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே கொலோன் குழு இதே மாதிரி வேலையை முன்பே செய்திருக்கிறது. 2005-இல் வியன்னாவில் ஜோ ஸவினுலோடு வெதர் ரிப்போர்ட் மெட்டுகளைப் பெருங்குழுவுக்கு மாற்றி வாசித்தார்கள். மாற்றி எழுதியவர் வின்ஸ் மெண்டோசா. 'பிரவுன் ஸ்ட்ரீட்' என்று அது ஆல்பமாக வந்தது. கேட்க அருமையான பதிவு. ஆனால் அங்கே மூலக்குழு கலைந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது, எனவே அது ஒரு திரும்பிப்பார்த்தல். யெல்லோஜாக்கெட்ஸோ உயிரோடு ஓடிக்கொண்டிருந்த குழு. இந்த மெட்டுகளை அதற்கு முந்தின மாதமும் மேடையில் வாசித்திருப்பார்கள், அடுத்த மாதமும் நாலு பேராக வாசிப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் கைப்பழக்கத்தை விட்டுக்கொடுப்பது லேசில்லை.

ஒரு பேட் எப்படி நாலு ட்ரோம்போன் ஆகிறது

நால்வர் குழுவில் ஃபெரான்டியின் இடது கையோ ஒரு சிந்தசைசரோ பின்னால் மெல்லிய கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும். 'பேட்' என்பார்கள். விசையில் விரல் இருக்கும்வரை ஒலி இருக்கும். எட்டு பார் (தாளச் சுற்று) என்றால் எட்டு பார், தளராது.

இதை ட்ரோம்போன்களிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் பிரச்சினை மூச்சு. மெதுவான லயத்தில் எட்டு பாரை ஒரே மூச்சில் யாரும் ஊத முடியாது. அதனால் அரேஞ்சர் (மெட்டைக் கருவிகளுக்குப் பிரித்து எழுதுகிறவர்) மூச்சுவிடும் இடங்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: ஒருவர் இங்கே, அடுத்தவர் ஒரு பார் தள்ளி. அதைச் சரியாகச் செய்தால் கார்டு அறுபடாது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு அசைவு வந்துவிடும், யாரோ மெல்ல வெளியேறி யாரோ மெல்ல உள்ளே வருகிற அசைவு. கீபோர்டின் பேட் கண்ணாடி மாதிரி தட்டையாக இருந்தது. இது தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. எழுதிய சுரங்கள் அதேதான். கேட்கும் உணர்வு முற்றிலும் வேறு.

இரண்டாவது, சுரங்களை அடுக்கும் விதம். கீபோர்டில் ஒரு கைக்குள் நெருக்கமாக அடங்கும் நாலு சுரத்தை அப்படியே நாலு ட்ரோம்போனுக்குப் பங்கிட்டால், கீழ்ச்சுருதியில் சேறு மாதிரி கலங்கும். அதற்கு ஒரு பழைய கைவைத்தியம், மேலிருந்து இரண்டாவது சுரத்தை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இறக்கிவிடுவது. தொழிலில் 'டிராப் டூ' என்பார்கள். கார்டு விரிந்து காற்று நுழையும். பியானோ முன்னால் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் அழுத்திப் பார்த்தால் அரை நிமிடத்தில் காதுக்குப் பிடிபடும்.

மூன்றாவது பேஸ். நால்வர் குழுவில் கீழ்த்தளம் முழுக்க ஆல்டர்சனுக்குச் சொந்தம். பெருங்குழுவில் பேஸ் ட்ரோம்போனும் பாரிடோன் சாக்ஸஃபோனும் அதே தளத்தில் குடிவருகின்றன. மூவரும் ஒரே நேரத்தில் நடமாடினால் தாளமே மங்கிவிடும். யார் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை எழுதி வைப்பதும் அரேஞ்சரின் வேலைதான்.

அப்புறம் சுருதிச் சேர்க்கை. பித்தளைக் கருவிகள் வாசிக்க வாசிக்கச் சூடேறி, சுருதி மெல்ல மேலே போகும். ஐரோப்பாவில் பல குழுக்கள் 442 ஹெர்ட்ஸுக்குச் சேர்ப்பார்கள். மின் கீபோர்டு தொழிற்சாலையிலிருந்து 440-இல் வரும். இரண்டு ஹெர்ட்ஸ்தானே என்று விட்டுவிட்டால் ஆல்பம் முழுக்க ஏதோ புளித்த மாதிரி இருக்கும். அமைப்பில் போய் மாற்றிவிட்டால் முடிந்தது, ஆனால் யாருக்காவது அது ஞாபகம் இருக்க வேண்டும்.

இந்த ஆல்பத்தில் மின்ட்ஸரின் டெனர் சாக்ஸஃபோனோடு ஈவை என்ற மின் ஊதுகருவியும் வருகிறது. நைல் ஸ்டைனர் கண்டுபிடித்தது. எண்பதுகளின் கடைசியிலிருந்து அகாய் நிறுவனம் தயாரிக்கிறது. மூச்சால் இயங்கும் சிந்தசைசர் என்று வைத்துக்கொள்ளலாம். பித்தளை எட்ட முடியாத உயரத்துக்கும் ஆழத்துக்கும் அது போகும். பதிமூன்று இயற்கையான காற்றுக் கருவிகளுக்கு மேலே ஒரு செயற்கை மூச்சு வருகிறபோது, யெல்லோஜாக்கெட்ஸின் பழைய எண்பதுகள் வாசனை சட்டென்று அடிக்கும். பெருங்குழு விழுங்கிவிடாத ஒரே நிறம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

'இம்பீரியல் ஸ்ட்ரட்': கிட்டார் இல்லாத இடம்

இது 1981-இன் முதல் ஆல்பத்தில் இருந்த மெட்டு. நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மாதிரி ஒரு ஃபங்க் (தாளத்தை அழுத்தித் துள்ளும் கறுப்பின நடன இசை) நடை. மூலத்தில் ராபன் ஃபோர்டின் கிட்டார். கிட்டாரில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு விரலால் கம்பியை இழுத்து அரைச் சுரம் மேலே கொண்டுபோகலாம், அந்த வழுக்கலில்தான் பாதி குணமே இருக்கும். இன்றைய நால்வரிடம் கிட்டார் கிடையாது.

நாலு ட்ரம்பெட் சேர்ந்து கம்பி இழுப்பதுபோல வழுக்க முடியுமா? தனி ஒருவர் முடியும். நாலு பேர் ஒரே அளவுக்கு, ஒரே வேகத்தில் வழுக்குவது ஏறக்குறைய நடக்காது. அதற்குப் பதிலாகப் பெருங்குழுவிடம் வேறு பழக்கங்கள் உண்டு. சுரத்தைப் பிடித்துவிட்டு அதன் முடிவில் கீழே சரியவிடுவது, உச்சியில் நின்று உதட்டால் உலுக்குவது. கிட்டாரின் வழுக்கல் ஒரு ஆளின் முணுமுணுப்பு என்றால், இது ஊர்வலத்தின் ஆரவாரம். 2020 பதிவில் நடையின் கர்வம் கூடியிருக்கிறது. குறும்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், பழசில் ஒரு இளைஞன் தெருவில் போகிறான், புதுசில் அவனே உத்தியோகம் கிடைத்து வருகிறான்.

கென்னடியின் வேலையும் இங்கே தலைகீழாகிறது. நால்வர் குழுவில் சாக்ஸஃபோன் ஒரு துணுக்கை வீசினால் அதே நொடியில் ட்ரம்ஸ் பதில் சொல்லும், பேச்சு மாதிரி. பெருங்குழுவில் ட்ரம்மர் பதில் சொல்கிறவர் இல்லை, வழி காட்டுகிறவர். பதிமூன்று பேர் ஒரு பாரின் இரண்டாம் தட்டில் 'டப்' என்று இறங்கப்போகிறார்கள் என்றால், அதற்கு முந்திய தட்டில் ஒரு சின்ன உருட்டலால் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே ஆள் ஒரே ஆல்பத்தில் செய்வது அரிது. மற்றவற்றை விட்டாலும், கென்னடியின் வலது காலை மட்டும் கவனித்து ஒருமுறை கேட்கலாம்.

ஆதாயம், நஷ்டம்

மிக நன்றாக ஒட்டியது 'ரெவலேஷன்'. 1986-இல் 'ஷேட்ஸ்' ஆல்பத்தில் வந்த ஃபெரான்டியின் மெட்டு, கறுப்பின தேவாலய இசையின் ஜாடை உடையது. ஒருவர் அழைக்க, சபை பதில் சொல்கிற அமைப்பு மெட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாலு பேர் வாசிக்கும்போது அந்தச் சபையைக் கேட்பவரே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. இங்கே சபையே வந்து உட்கார்ந்துவிட்டது. 'டூயி' மெட்டும் அப்படியே. மைல்ஸ் டேவிஸின் நடுப்பெயர் டூயி. அவர் 1991-இல் காலமான பின் 1993-இல் குழு வெளியிட்ட காணிக்கை அது. ட்ரம்பெட்டின் ராஜாவுக்கான மெட்டு ஒரு ட்ரம்பெட் வரிசையின் முன்னால் வந்து நிற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இந்தக் குழுவின் பெரிய சொத்து இடைவெளி. ஒரு வாக்கியம் வாசித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மாவில் அடுத்து யார் பேசப்போகிறார் என்ற பதற்றம் இருக்கும். பதினேழு பேருக்கு எழுதும்போது சும்மா இருப்பதைக்கூட எழுதி வைக்க வேண்டும், எழுதி வைத்த மௌனத்தில் பதற்றம் இல்லை. வேகமான தடங்களில் இது எனக்கு உறுத்தியது. ஃபெரான்டி தனி ஆவர்த்தனத்தில் ஒரு கார்டை எதிர்பாராமல் திருப்புகிறார், சரி, அடுத்த இரண்டு பாரில் எங்கே போகிறார் பார்க்கலாம் என்று காதைத் தீட்டும்போது, ஏற்கெனவே தாளில் இருந்த பித்தளைக் கூட்டம் வந்து இறங்கிவிடுகிறது. நன்றாகத்தான் இறங்குகிறது. ஆனால் அவர் போகவிருந்த தெரு அடைபட்டுவிடுகிறது.

வெளியான நேரமும் விசித்திரம். 2020 நவம்பர் 2 முதல் ஜெர்மனியில் கொரோனா காரணமாக அரங்குகள் மறுபடி மூடப்பட்டன. பதிமூன்று பேர் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே காற்றில் ஊதுவது என்பதே ஆபத்தான காரியமாகிவிட்ட மாதத்தில், அதையே முழுநேரமும் செய்கிற ஆல்பம் கைக்கு வந்தது. இந்த மெட்டுகளை இதே உருவத்தில் மேடையேற்ற அப்போது வழியில்லை. நெருக்கமாக உட்கார்ந்து வாசிக்கும் மனிதர்களின் ஒலி ஹெட்போனில் அன்று கொடுத்த ஏக்கத்தில் ஆல்பத்தின் சில குறைகள் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். இப்போது மறுபடி கேட்டுவிட்டுத்தான் மேலே உள்ள புகாரை எழுதினேன்.

பிறகு

2018-இன் 'ரெய்ஸிங் அவர் வாய்ஸ்' ஆல்பத்தில் பிரேசில் பாடகி லூசியானா சௌசாவைச் சேர்த்துக்கொண்டார்கள். 2020-இல் பெருங்குழு. இரண்டு முறை வெளியாட்களைக் கூட்டிவந்துவிட்டு 2022-இல் 'பேரலல் மோஷன்' ஆல்பத்துக்கு அதே நால்வராகத் திரும்பினார்கள். சிறந்த ஜாஸ் வாத்திய ஆல்பத்துக்கான கிராமிப் பரிந்துரைப் பட்டியலில் அது இடம்பெற்றது; விருது டெர்ரி லின் கேரிங்டன் குழுவினரின் ஆல்பத்துக்குப் போனது.

எனக்கு அதில் கேட்ட மாற்றம் ஒன்று உண்டு. ஃபெரான்டியும் மின்ட்ஸரும் ஒரே வரியை ஜோடியாக வாசிக்கும் இடங்களில் முன்பைவிடக் கவனமாகச் சுரம் பிரிக்கிறார்கள், இரண்டே கருவியில் ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கிற மாதிரி. கொலோன் பழக்கத்தின் மிச்சம் என்று நிரூபிக்க முடியாது. என் காது அப்படிச் சொல்கிறது, அவ்வளவே. இடைவெளியும் திரும்பிவிட்டது. ஆல்டர்சனின் பேஸுக்குக் கீழ்த்தளம் மறுபடி முழுதாகக் கிடைத்திருக்கிறது.

வாத்திய ஆல்பம் என்று பட்டியலில் வந்தாலும் 'பேரலல் மோஷன்'னில் ஒரு பாட்டு உண்டு, 'இஃப் யூ பிலீவ்'. பாடியவர் ஜீன் பெய்லர். கென்னடி இல்லாத வருடங்களில் ட்ரம்ஸ் நாற்காலியில் இருந்த மார்கஸ் பெய்லரின் மனைவி. அந்தத் தடத்தில் அவர் குரலுக்குப் பின்னால் ட்ரம்ஸ் வாசிப்பவர் திரும்பிவந்த கென்னடி.